எரிமலைக்கு வைஃபை கிடைத்த கதை

ஹலாப்பா,
மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அக்கா ஹெனொவேவாவுக்கு,

உன் தங்கை ஒதிலியா எழுதிக்கொள்வது. இக்கடிதம் உன் கையில் சேரும்போது உன் முழங்கால் வலி அடங்கி, காஸ்துலோ அத்தானின் இரத்த அழுத்தம் இறங்கி, வெராக்ருஸ் துறைமுகத்து வெயில் உங்கள் இருவரையும் வதைக்காமல் இருக்க வேண்டும் என்று கார்மென் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன். இங்கே நானும் அபுந்தியோவும் நலம். நலம் என்றால் ஏதோ ஒப்புக்கு எழுதும் நலம் இல்லை அக்கா. நாங்கள் ஜெயித்துவிட்டோம். இந்த வீட்டில் இப்போது இரண்டு வெற்றிவீரர்கள் இருக்கிறோம், யார் பெரிய வீரர் என்பதில் மட்டும் காலையிலிருந்து தகராறு.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். காகிதத்தில் குறுக்கே பேச இதுவரை யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. ஆகவே காபி போட்டு எடுத்துக்கொண்டு விசிறிக்குக் கீழே உட்கார்.

சென்ற மாதம் நீ எழுதிய கடிதத்தை நான் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். "அறுபத்தெட்டு வயதில் உனக்கு எதற்கடி நடிப்பும் கத்தலும்? வானொலி நாடகமே செத்துப்போயிற்று. ரெபேகா லகுனெஸைப் பார், எவ்வளவு கௌரவமாக ஒதுங்கிவிட்டாள். நீயும் வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்து இரு" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை. கோபத்தினால் இல்லை. நீ சொல்வது உண்மையாக இருக்குமோ என்ற பயத்தினால். வானொலி நிலையத்தில் நாடகப் பிரிவை மூடிய பிறகு என் குரலுக்குக் கிடைத்த கடைசி வேலை, பல்பொருள் அங்காடி ஒலிபெருக்கியில் தக்காளி மலிவு என்று அறிவிப்பது. அதையும் பிறகு ஒரு இயந்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள். என் பழைய சிரிப்பு உனக்கு நினைவிருக்கும். அதைக் கேட்டால் ஊரில் குழந்தைகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அந்தச் சிரிப்பைத் தனியாக இருக்கும்போதுகூட நான் சிரித்துப் பார்த்ததில்லை. வராமல் போய்விட்டால் என்ன செய்வது?

அந்த நேரத்தில்தான் மெக்சிகோ நகரத்திலிருந்து ஒரு அழைப்பு. உலிசெஸ் தமாரிஸ் என்று ஒரு இயக்குநர், கார்ட்டூன் படம் எடுக்கிறவர். பெரியவளென்று மரியாதையாகத் தோன்யா போட்டுத்தான் பேசினார். "தோன்யா ஒதிலியா, நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்கம்மா துணிக்கு இஸ்திரி போட்டுக்கிட்டே உங்க நாடகம் கேப்பாங்க. நான் சாப்பிட அடம் பிடிச்சா ரேடியோ சத்தத்தக் கூட்டி வச்சிடுவாங்க. உங்க சிரிப்பு கேட்டதும் தட்டு காலி" என்றார். படத்தில் ஒரு எரிமலை இருக்கிறதாம். நூறு வருடம் தூங்கிய கிழ எரிமலை. அதன் தோளில் ஏறி நின்று ஒரு கும்பல் ஹோட்டல் கட்டுகிறது, அது விழித்துக்கொள்கிறது. அந்த எரிமலைக்குக் குரல் வேண்டும். "நிறையப் பேரக் கேட்டாச்சு தோன்யா. எல்லாரும் கத்துறாங்க. யாரும் கோபப்படல. நீங்க ஒரு தடவை பேசிக் காமிங்க. இவ்வளவு தூரம் வர வேணாம், வீட்டுலேருந்தே லேப்டாப்ல பேசலாம். வைஃபை மட்டும் நல்லா இருந்தாப் போதும்."

மட்டும் என்றார் அக்கா. மட்டும்!

எங்கள் வீட்டில் இணையத்தைத் தொடும் பொருள் அந்த லேப்டாப் ஒன்றுதான். அபுந்தியோவிடம் இருப்பது பொத்தான் வைத்த போன், என்னுடையதில் பேச மட்டும் முடியும். ஈஸ்டருக்கு மான்ட்டெர்ரேயிலிருந்து வந்த என் மகள் நயேலி தன் பழைய லேப்டாப்பை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அதே வாரம்தான் நிறுவனத்து ஆள் வந்து கூடத்தில் ரவுட்டரை வைத்துவிட்டுப் போனான். நயேலி உட்கார்ந்து எதையெதையோ தட்டினாள். "எல்லாம் ரெடிம்மா. மூடியத் தொறந்தாப் போதும், தானா வேலை செய்யும்" என்று சொல்லி, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, பஸ் ஏறிவிட்டாள். அவள் சொன்னது சரிதான், வேலை செய்தது. அபுந்தியோ உட்கார்ந்தால் மதியம் முழுக்க வேலை செய்தது. கால்பந்துச் செய்தி, உலகத்திலுள்ள அணைக்கட்டுகளின் படங்கள், அண்டை நாட்டுக் குழாய் விபத்துகள் எல்லாம் தங்குதடையின்றிப் பார்ப்பார். நான் எரிமலை வசனத்தோடு போய் உட்கார்ந்து, பயிற்சிக்காக நயேலியைத் திரையில் கூப்பிட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து இரண்டு வரி சொல்வேன். மூன்றாவது வரியில் மகள் மறைந்துவிடுவாள். இணைப்பு இல்லை என்று திரை சொல்லும். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. நான் உட்காரும்போதெல்லாம்.

அபுந்தியோ மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒதி, தப்பா எடுத்துக்காத. அதுக்கு உன்னப் பிடிக்கல."

நாற்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய மனிதர் சொல்லும் பேச்சா இது?

அவர் நகராட்சிக் குடிநீர் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்த இலாகாதான் இன்னும் அவரை விட்டு ஓய்வு பெறவில்லை. உலகத்தில் எது வந்தாலும் அது குழாய் வழியாகத்தான் வரும் என்பது அவர் நம்பிக்கை. ரவுட்டரைக் கையில் எடுத்து, காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "ஏர் லாக்" என்றார். "குழாய்க்குள்ள காத்து அடைச்சிருக்கு."

"வைஃபைல காத்தத் தவிர வேற என்ன இருக்கு அபுந்தியோ? ஒயரே இல்லாமதானே வருது?" என்றேன்.

"அதான் சொல்றேன். காத்து ஜாஸ்தியாயிடுச்சு" என்றார்.

இந்த மனிதரோடு வாதாடி ஜெயிக்க முடியாது. ரவுட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து சமையலறைத் தொட்டியின் விளிம்பில் வடிய வைத்தார். பிறகு லேப்டாப்பிலேயே தேடிப் படித்து, செருகியைப் பிடுங்கி அரை நிமிடம் விட்டுத் திரும்பச் செருக வேண்டும் என்று கண்டுபிடித்தார். கடிகாரம் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லாததால், செருகியைப் பிடுங்கிவிட்டு நாங்கள் இருவரும் எழுந்து நின்று ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லி முடித்துத் திரும்பச் செருகினோம். உடனே வேலை செய்தது! அபுந்தியோ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் லேப்டாப் முன்னால் ஓடிப்போய் உட்கார்ந்து, மாதாவுக்கு நன்றி சொல்லி, நயேலியைக் கூப்பிட்டு, எரிமலையாகி, "யாரது என் தோளில்!" என்று ஒரு வரி முழங்கினேன். போய்விட்டது.

அடுத்தது ரவுட்டரின் இடம். தண்ணீர்த் தொட்டி உயரத்தில் இருந்தால்தான் அழுத்தம் கிடைக்கும் என்று அதை அலமாரித் தலையில் ஏற்றினார். கம்பியில் வளைவு இருந்தால் வேகம் குறையும் என்று சுவரோடு நேர்கோடாக ஆணியடித்தார். என் கல்யாணப் படத்தின் மேல் ஓர் ஆணி இறங்கிவிட்டது. உன் முகத்துக்கு நேரே அக்கா, நான் எதுவும் சொல்லவில்லை. பிறகு எங்கோ படித்தாராம், கண்ணாடி அலையைத் திருப்பிவிடுமாம். கூடத்துக் கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டார். நான் ஒரு வாரம் ஜன்னல் கதவில் முகம் பார்த்துத் தலை சீவினேன். தண்ணீரும் அலையைத் தடுக்கும் என்று அதே பக்கத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "தண்ணி தடுக்குதாமே! எவன் எழுதினான் இத? முப்பது வருஷம் தண்ணிக்கு உழைச்சிருக்கேன். தண்ணி போற எடமெல்லாம் வழிவிட்டுத்தான் போகும், யாரையும் தடுக்காது" என்று லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போனார். ஆனாலும் யாரும் பார்க்காத நேரத்தில் குடிநீர்க் கேனைக் கூடத்திலிருந்து கொல்லைக்கு மாற்றியிருந்தார். நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன். குடும்பம் என்றால் அப்படித்தானே நடக்கும்.

லேப்டாப்பின் உள்ளேயும் இறங்கினார். பேட்டரியை மிச்சம் பிடிக்க அது வைஃபையைத் தூங்க வைத்துவிடுமாம், அந்தக் கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டு, "இனிமே தூங்க மாட்டான், நைட் டூட்டி போட்டாச்சு" என்றார். இன்னொரு இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயரைக் காட்டி, இந்த இணைப்பை மறந்துவிடவா என்று திரை கேட்டது. மறந்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்தால் சரியாகும் என்பது அறிவுரை. அபுந்தியோ விரலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அழுத்துங்களேன்" என்றேன்.

"பாஸ்வேர்ட் நயேலிக்குத்தான் தெரியும். மறந்துட்டு அப்புறம் ஞாபகம் வரலைன்னா? உள்ளதும் போயிடும்மா. தெரியாத வால்வ நான் எப்பவும் மூட மாட்டேன்" என்று கையை எடுத்துவிட்டார்.

இத்தனைக்கும் ஒவ்வொரு வைத்தியத்துக்கும் பிறகு நோயாளி பிழைத்துக்கொள்வான். அபுந்தியோ உட்கார்ந்து ஒரு பழைய கால்பந்து ஆட்டத்தை முழுக்கப் பார்த்து எனக்கு நிரூபிப்பார். நான் வந்து வாயைத் திறந்தால் நோயாளி செத்துவிடுவான். எனக்கு வந்த அழுகையை உனக்கு எழுதுவதற்கில்லை. குரல் தேர்வு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கடவுளே என் வாயை மூடச் சொல்கிறாரோ, என் அக்கா சொன்னதுதான் சரியோ என்றுகூட ஒரு மாலை நினைத்தேன்.

மறுநாள் நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, மெல்லிசை வந்தது, அதன் பிறகு ஒரு பெண் குரல். "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் அழைப்பு எங்கள் இதயத்துக்கு மிக நெருக்கமானது." போன் என் கையிலிருந்து நழுவிவிட்டது அக்கா. 'இதயம்' என்ற சொல்லின் நடுவில் ஒரு சின்ன விம்மலை வைக்கத் தெரிந்தவள் மெக்சிகோ முழுவதிலும் ஒருத்திதான். உன்னுடைய ரெபேகா லகுனெஸ்! கௌரவமாக ஒதுங்கியவள்! ஒதுங்கி எங்கே போயிருக்கிறாள் பார், இயந்திரத்துக்குள்ளே போய் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உனக்கு அவள் கதாநாயகி. அவள் வானொலியில் கல்யாணம் செய்துகொண்ட ஒவ்வொரு முறையும் நீ அழுது மூக்குச் சிந்தினாய், உண்மையில் கல்யாணம் செய்துகொண்ட தங்கைக்கு அழவில்லை. எல்லாத் தொடரிலும் அவள் அநாதைப் பெண், நான் மாற்றாந்தாய். நான் அவளுக்கு மூன்று முறை விஷம் கொடுத்திருக்கிறேன். மூன்று முறையும் பிழைத்துக்கொண்டாள், எழுதியவர்கள் அவள் பக்கம். அவளுக்குக் கடைத்தெருவில் பூக்கொத்து கொடுத்தார்கள். எனக்குக் கறிக்கடைக்காரன் எலும்பை மட்டும் கட்டிக் கொடுத்து, "அந்தப் பொண்ண நீ படுத்துற பாட்டுக்கு இதுவே ஜாஸ்தி" என்றான். அப்படிப்பட்டவள் இப்போது என் வைஃபைக்கும் எனக்கும் நடுவில் வந்து நிற்கிறாள். நான் எந்த எண்ணை அழுத்தினாலும், "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்கிறாள். கடைசியில் ஒரு எண்ணை அழுத்தியதும், ஆள் அனுப்பி வைப்பதாகச் சொன்னாள். எப்போது என்று சொல்லவில்லை. அவள் எந்தத் தொடரிலும் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதில்லை.

தேர்வு நாள் வந்தது. அன்று காலை அபுந்தியோ தன் இறுதி ஆயுதத்தை எடுத்தார். தமால் கொழுக்கட்டை வேகவைக்கும் நம் பெரிய பானை இருக்கிறதே, அதன் மூடியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, அலமாரித் தலையில் ரவுட்டருக்குப் பின்னால் சாய்த்து வைத்து, "அலை பின்பக்கமாக் கசியுது ஒதி. இது அணை. இனிமே எல்லாம் உன் பக்கந்தான் பாயும்" என்றார். எரிமலைக்கு அன்று அவ்வளவு பணிவிடை. ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டார். தேனும் எலுமிச்சையும் கலந்து வைத்தார். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். "உங்கள யாரும் பாக்கப்போறதில்லையே" என்றேன். "நீ பாப்பியே" என்றார். நான் அவர் காலரை நேராக்கிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

திரையில் உலிசெஸ் வந்தார். தாடியும் தொப்பியுமாக நல்ல பிள்ளை. அவருக்குப் பின்னால் நாலைந்து பேர். நான் முதல் பக்கத்தைப் படித்தேன். இணைப்பு போகவில்லை! வசனம் முழுக்க முழங்கி முடித்தேன், அப்போதும் போகவில்லை! அலமாரிக்குப் பக்கத்தில் நின்ற அபுந்தியோ மூடியைத் தடவிக் கொடுத்தார். ஆனால் உலிசெஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நல்லா இருக்கு தோன்யா ஒதிலியா... ரொம்ப நல்லா இருக்கு. ஆனா கொஞ்சம் மேடைல நிக்கிற மாதிரி இருக்கு. நீங்களும் கத்துறீங்க. இன்னும் ஒரே தடவை. இந்தத் தடவை..." என்றவர் அப்படியே நின்றுபோனார். வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி, தும்மப் போகிறவர் மாதிரி உறைந்துவிட்டார். சத்தமும் இல்லை.

என்ன சொல்ல அக்கா. இந்தத் தடவை எப்படி என்று அவர் சொல்ல வந்த அந்த ஒரு சொல்லுக்காக நான் நாற்பது வருடம் காத்திருந்தது போல் இருந்தது. அது திரைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. அபுந்தியோ ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "பயப்படாத, பயப்படாத, மெயின் வால்வாத்தான் இருக்கும்!" நான் அவரைத் தள்ளிவிட்டு என் போனை எடுத்து உதவி எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தேன். மெல்லிசை. பிறகு அந்தப் பாகுக் குரல்: "உங்கள் பொறுமைக்கு நன்றி."

என்னுள் ஏதோ ஒன்று அசைந்தது. கத்தவில்லை நான். கத்துவதற்கு எனக்கு நேரமில்லை.

"பொறுமையா?" என்றேன், மெதுவாக. "பொறுமைக்கா நன்றி சொல்ற, ரெபேகா? உனக்குக் கல்யாணம் ஆகுறப்பல்லாம் நான் வாசல்ல நின்னேன். உனக்குப் பூ வந்துச்சு, எனக்கு எலும்பு வந்துச்சு. நீ அழுதா ஊரே அழுதுச்சு. நான் அழுதா, அடடா என்னமா நடிக்கிறான்னாங்க. அப்புறம் எல்லாருமாச் சேந்து நான் தூங்கிட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்க. என் தலைமாட்டுல நின்னுக்கிட்டே, பாவம் இவ முடிஞ்சுபோனான்னு பேசிக்கிட்டீங்க. எனக்குக் கேக்கலன்னு நெனச்சீங்களா? எல்லாம் கேட்டுச்சு. நான் முடியல. மூச்ச அடக்கி வச்சிருந்தேன், அவ்வளவுதான். இப்ப விடப்போறேன்."

விட்டேன் அக்கா. அந்தப் பழைய சிரிப்பும் அதோடு வந்தது. வராமல் போய்விடுமோ என்று நான் பயந்த சிரிப்பு, முன்பைவிடப் பெரியதாக, அடிவயிற்றின் அடியிலிருந்து, கரகரவென்று கல்லும் சாம்பலுமாய்ப் புறப்பட்டு வந்தது. கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. அபுந்தியோவின் ஸ்பேனர் அவர் காலிலேயே விழுந்தது, அவர் வலி தெரியாமல் நின்றார். 'முடிஞ்சுபோனா' என்று சொன்னபோது உன் முகமும் என் கண்முன் வந்து போயிற்று. மன்னித்துக்கொள். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, உன் பங்கு கோபமும் அதில் நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

போனில் ரெபேகா மட்டும், "வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்" என்று போனை அணைத்தேன்.

அப்போது லேப்டாப்பிலிருந்து ஒரு குரல் வந்தது. முகம் அதே திறந்த வாயோடு, அதே பாதிக் கண்ணோடு உறைந்திருக்க, உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "தோன்யா... தோன்யா ஒதிலியா... உங்க பக்கம் படமும் சத்தமும் நின்னுபோச்சு போல. நீங்க பேசினது ஒரு எழுத்து விடாமக் கேட்டுச்சு. நாங்க மூச்சு விடாம உக்காந்திருந்தோம். ரெக்கார்ட் பண்ணிட்டோம்." அவருக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இங்க ஒருத்தரும் வேற யாரையும் இனிமே கேக்கத் தயாரா இல்ல. எரிமல நீங்கதான். ஒரே ஒரு கேள்வி, அந்த ரெபேகாங்கிறது யாரு? உங்க தங்கச்சியா?"

"சொந்தக்காரி மாதிரிதான்" என்றேன். வெற்றி பெற்றவள் பெருந்தன்மையாக இருக்க வேண்டும் இல்லையா?

அடுத்த மாதம் மெக்சிகோ நகரத்தில் ஒலிப்பதிவு. அபுந்தியோவும் வருகிறார், ஸ்டுடியோவில் குழாய்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டுமாம். அன்று மாலை நாங்கள் பூங்காவுக்குப் போய் பால்காபி குடித்தோம். அவர் மேஜை மேஜையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தது என் எரிமலையைப் பற்றி இல்லை, தமால் பானை மூடியைப் பற்றி. "பின்பக்கக் கசிவு. அதக் கண்டுபிடிச்சதோட வேல முடிஞ்சுது. பொம்பள பேசினா, மூடி தாங்குச்சு" என்று படம் வரைந்து காட்டினார். மருந்துக்கடைக்காரர் ஒருவர் தன் வீட்டிலும் வைக்க அந்த மூடியின் அளவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு அன்று யார்மீதும் கோபமே வரவில்லை. வீட்டை விற்பது பற்றி இனி நீ எழுத வேண்டாம். இந்த வீட்டில் இப்போது ஹலாப்பாவிலேயே உறுதியான வைஃபை இருக்கிறது. உனக்கு எப்போதாவது இணைப்பில் பிரச்சினை வந்தால் அத்தானிடம் சொல்லி ஒரு நல்ல அலுமினிய மூடி வாங்கி வை, மிச்சத்தை அபுந்தியோ தபாலில் விளக்குவார்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சித்தியின் முத்தங்கள். படம் வெளிவரும்போது எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வை, சின்னவன் பயந்தால் மடியில் வைத்துக்கொள். மாதா உன்னைத் தன் மேலங்கிக்குள் வைத்துக் காக்கட்டும், உன் முழங்காலையும் சேர்த்து.

என்றும் உன் அன்புத் தங்கை,
ஒதிலியா பர்ராதாஸ்,
எரிமலை.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வாசல் மணி அடித்துவிட்டது. நிறுவனத்து ஆள் ஒருவழியாக வந்து சேர்ந்தான். அலமாரிமேல் இருந்த மூடியை வெகுநேரம் பார்த்தான். தெருவில் போய்க் கம்பத்தில் ஏறிவிட்டு இறங்கி வந்து, "தோன்யா, உங்க லைனுக்கு இன்னும் கனெக்சனே குடுக்கல. ஈஸ்டர்லேருந்து கேபிள் அந்தரத்துல தொங்குது. இந்த ரவுட்டர் சும்மா வெளக்கு மாதிரி எரிஞ்சிட்டு இருக்கு, அவ்வளவுதான்" என்றான். அப்படியானால் லேப்டாப் எதில் ஓடுகிறது என்று கேட்டேன். அவன் திரையைப் பார்த்துவிட்டு விரலை மேலே காட்டினான். மேல்மாடியில் தோன்யா எதுவிஹெஸ் என்று ஒரு விதவை குடியிருக்கிறார் அக்கா, காது கொஞ்சம் மந்தம், தங்கமான பெண்மணி. ஈஸ்டர் வாரத்தில் நயேலி தன் அவசர வேலைக்கு அவரிடம் பாஸ்வேர்ட் வாங்கிப் போட்டிருக்கிறாள், லேப்டாப் அதையே பிடித்துக்கொண்டுவிட்டது. அபுந்தியோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மெயின் லைனே சேக்கலைன்னா எப்படித் தண்ணி வரும்? நான் மொதல்லயே வால்வுன்னு சொன்னேனா இல்லையா?" என்றார்.

நான் படியேறிப் போய்த் தோன்யா எதுவிஹெஸிடம் மன்னிப்புக் கேட்டு, உங்கள் இணைப்பு அடிக்கடி போய்விடுமா என்று காதருகே விசாரித்தேன். "போகாதும்மா. நான்தான் செருகியப் பிடுங்கிடுவேன். இந்த வருஷம் ஒரே இடியா இருக்கே, உனக்குத் தெரியலையா? மழையே இருக்காது, தரையெல்லாம் அதிரும், எங்காலு நடுங்கும். மின்னல் எறங்குனா எல்லாம் எரிஞ்சிடும்னு ஓடிப்போய்ப் பிடுங்கிடுவேன். போன திங்கக்கிழம மட்டும் பல்லு டாக்டர்கிட்ட போயிருந்தேன், அன்னிக்கு இடி இருந்துச்சான்னு தெரியல" என்றார். போன திங்கட்கிழமைதான் என் தேர்வு. அது இடி இல்லை, நான்தான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. சிரித்தார். சரியென்று அங்கேயே, படிக்கட்டுத் தலைப்பில் நின்று, இரண்டே வரி, பாதி மூச்சில் செய்து காட்டினேன். கண்ணெதிரே பார்த்தார் அக்கா, என் வாய் அசைவதைப் பார்த்தார், நான்தான் என்று தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்ட பிறகும் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே ஓடிச் செருகியைப் பிடுங்கிவிட்டார்.